சீட்டுக்கு எந்த அறை?

மதுரையின் பழங்கதையை எழுத உட்காருகிற யாரும் டபிள்யூ. பிரான்சிஸைத் தொடாமல் போவதில்லை. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியர் அவர் எழுதியது. கள்ளழகர் ஆற்றில் இறங்குவதிலிருந்து கண்மாய் பாசனம் வரை எதற்கும் அதில் ஒரு பத்தி கிடைக்கும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அவர் பார்த்த வேலையைப் பற்றித்தான் பேச்சு குறைவு. 1901 சென்சஸுக்கு மதராஸ் மாகாணக் கண்காணிப்பாளர் அவர்தான். எனக்கு வேண்டியவர் இந்தப் பிரான்சிஸ்.

காரணம் என் பிழைப்பு. கோச்சடையில், மேலக்கால் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில், ஆராய்ச்சி மாணவர்களுக்கு ‘ஆர்’ என்ற கணினி மொழியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நர்சிங் படிப்பவர்கள், சமூகவியல்காரர்கள், விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். முதல் வாரத்திலேயே ஒருத்தி திரையைக் காட்டி, “மேடம், இது என்னைய வையுது” என்பாள். வைவது பெரும்பாலும் ‘மேட்ச்.ஆர்க்’ என்ற ஒரு குட்டி ஃபங்ஷன். நீ கொடுத்த சொல் நான் ஏற்கும் பட்டியலில் இல்லை, பட்டியல் இதோ, இதில் ஒன்றைக் கொடு என்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சிவப்பு வரியை விளக்க நான் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிப்பதில்லை. 1901-இல் சென்சஸ் ஆபீசில் வைத்திருந்த மரத்தட்டிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மதராஸ் மாகாணத்தில் 1871-இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பிறகு 1881, 1891. அப்போதெல்லாம் வீடுவீடாக நிரப்பிய படிவத்தைப் பார்த்துப் பெரிய தாள்களில் கோடு கோடாகப் போட்டு எண்ணினார்கள். ஒரு கோடு இடம் தவறினால் தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு. 1901 மார்ச் 1 கணக்கெடுப்பில் முறை மாறியது. பவேரியாவில் கியோர்க் ஃபான் மாயர் என்ற புள்ளியியலாளர் கையாண்ட சீட்டு முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. படிவத்தில் உள்ளதைச் சீட்டில் பெயர்த்தெழுத வேண்டும். மதம் என்னவென்று எழுதக்கூட வேண்டாம். மதத்துக்கு ஒரு நிறத்தில் சீட்டு இருந்தது. ஆணா பெண்ணா, மணமானவரா என்பதற்குக் குறிகள். பிறகு சீட்டுகளைக் கையில் அள்ளி, பெயர் ஒட்டிய சிறு அறைகள் அடித்த மரத்தட்டியின் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அதனதன் அறைக்குள் போட வேண்டும். முடிந்ததும் அறை அறையாக எண்ணிவிடலாம். மொழிக்கு எண்ணியானதும் அதே சீட்டுகளைக் கலைத்துத் தொழிலுக்குப் பிரிக்கலாம். மாகாணத்தின் மூன்றேமுக்கால் கோடிக்கு மேற்பட்ட சனங்களும் இப்படிச் சீட்டானார்கள். மதுரை நகரத்துக்கு மட்டும் 1,05,984 சீட்டு. கோச்சடை அப்போது ஊருக்கு வெளியே வைகைக் கரையில் ஒரு கிராமம். எங்கள் தெருவின் முன்னோர் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்.

எனக்குக் கதை சூடு பிடிப்பது இங்கேதான். அறைகளின் பெயரைச் சீட்டு போடும் குமாஸ்தா வைக்கவில்லை. படிவம் நிரப்பிய கணக்குப்பிள்ளையும் வைக்கவில்லை. அது மேலே எங்கோ தீர்மானமாகி, அச்சாகி, விதிப்புத்தகமாக வந்தது. மண நிலைக்கு மூன்று அறைகள்: மணமாகாதவர், மணமானவர், கைம்பெண் அல்லது மனைவியை இழந்தவர். மதுரைச் சீமையின் பல சாதிகளில் அறுத்துக்கட்டும் வழக்கம் உண்டு. ஒத்துவரவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அத்துவிடுவார்கள். பிறகு அவள் வேறு இடத்தில் வாழ்க்கைப்படலாம். பெரிய களங்கம் எதுவும் ஒட்டாது. அப்படி அத்துவிட்டு, இன்னும் மறுபடி கட்டாமல் தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்றில் எந்த அறை? அந்தக் காலக் கணக்கெடுப்பு விதி தெளிவாகச் சொல்லியது: மணவிலக்கு பெற்று மறுமணம் செய்யாதவரைக் கைம்பெண் கணக்கில் எழுதவும்.

புருஷன்காரன் பக்கத்துத் தெருவில் மாடு பூட்டி உழுதுகொண்டிருப்பான். தாளில் அவன் செத்துவிட்டான்.

அந்த வரியை வைத்து இந்தியப் பெண்களில் இத்தனை விழுக்காடு விதவைகள் என்று அறிக்கைகள் எழுதப்பட்டன. அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் உண்மையில் அத்துவிட்டவர்கள் என்று இனி பிரிக்க வழி இல்லை. சீட்டைப் போட்டாகிவிட்டது. விதி எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். மேற்கே அப்போது மணவிலக்கு அரிது. ஆயிரத்தில் ஒன்றுக்கென ஓர் அறை எதற்கு என்று நினைத்திருப்பார். தன் ஊர் வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு அடுத்தவன் ஊருக்குப் பட்டியல் போடுவதில் வரும் கோளாறு இது. இதை ஏகாதிபத்தியச் சதி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம்மூர் ஆய்வு மாணவர் இன்றும் வினாத்தாளில் மண நிலைக்குக் கீழே இரண்டே கட்டம் போட்டுக்கொண்டு வருகிறார்.

மற்ற அறைகளையும் பாருங்கள். உடற்குறை என்றால் நான்குதான்: சித்தம் கலங்கியவர், பிறவிச் செவிடு-ஊமை, இரு கண்ணும் தெரியாதவர், தொழுநோயாளி. ஒற்றைக் கண் போனவர் குறையற்றவர். கால் ஊனத்துக்கு அறையே இல்லை. மதத்தில் ‘ஆவி வழிபாட்டினர்’ என்றொரு தலைப்பு இருந்தது. எங்கள் கோச்சடை முத்தையா சாமிக்கும் அய்யனாருக்கும் கிடா வெட்டுகிறவர் எந்த நிறச் சீட்டுக்குப் போவார் என்பது, எழுதுகிறவர் கோயிலைப் பார்த்தாரா பூசாரியைப் பார்த்தாரா என்பதைப் பொறுத்தது என்று நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மரத்தட்டியின் பெரிய குறை, அது மறுக்காது. கையில் இருக்கும் சீட்டுக்கு இடம் இல்லை என்றாலும் தட்டி சும்மா இருக்கும். குமாஸ்தாவுக்கு அன்றைக்கு இத்தனை ஆயிரம் சீட்டு முடித்தாக வேண்டும். பக்கத்தில் உள்ள அறை எதுவோ அதில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார். நான் சொல்லிக்கொடுக்கிற, மறுத்து நிற்கக்கூடிய சாதனத்துக்கு விதை விழ மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

அது வந்த கதை சுருக்கமாக. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் 1976-இல் ‘எஸ்’ என்ற மொழியைத் தொடங்கினார்கள். புள்ளியியல்காரன் ஃபோர்ட்ரானில் மல்லுக்கட்டாமல் தரவோடு நேரே பேசட்டும் என்பது எண்ணம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் அதைப் பார்த்துத் தாங்கள் ஒன்று எழுதி, இருவர் பெயரின் முதல் எழுத்தையும் வைத்து ‘ஆர்’ என்றார்கள். 1993-இல் வெளியே சொன்னார்கள். 1995-இல் யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தில் விட்டார்கள். 1.0.0 பதிப்பு வந்தது 2000 பிப்ரவரி 29. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லாத எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அந்த உரிமம்தான் கதவு. அது இல்லாவிட்டால் என் மாடி அறையில் வகுப்பு இல்லை.

ஆர் மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதுகிறவர், தான் ஏற்கும் சொற்களின் பட்டியலை அதன் தலைவரியிலேயே எழுதிவிடலாம். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் ‘டி.டெஸ்ட்’ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற ஆர்க்யூமென்டுக்கு எதிரே ‘டூ.சைடட்’, ‘லெஸ்’, ‘கிரேட்டர்’ என்று மூன்று சொல் நிற்கும். உள்ளே மேட்ச்.ஆர்க் தன்னைக் கூப்பிட்ட ஃபங்ஷனின் தலைவரியை எட்டிப் பார்த்து, அந்த மூன்றையும் அங்கிருந்தே படித்துக்கொள்ளும். பட்டியலை இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை. ஓரிடத்தில் திருத்தி மறு இடத்தில் மறக்கும் ஆபத்தும் இல்லை. பயன்படுத்துகிறவர் உதவிப் பக்கத்தைத் திறந்தால் அதே மூன்றும் அவர் கண்ணிலும் படும். அறையின் பெயர்ப்பலகை வாசலில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்துகிறவர் ஒன்றுமே சொல்லாவிட்டால் பட்டியலில் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விதியின் பலத்தைப் பலர் உணர்வதில்லை. ஒட்டுறவு காணும் ‘கார்’ ஃபங்ஷனில் ‘மெத்தட்’ என்ற ஆர்க்யூமென்டுக்குப் பியர்சன், கெண்டல், ஸ்பியர்மன் என்று மூன்று முறை. முதலில் பியர்சன் நிற்பதால், எங்கள் மாவட்டத்து ஆய்வேடுகளில் வரிசைத் தரவுக்குக்கூடப் பியர்சன் கெழு போட்டிருப்பார்கள். யாரும் பியர்சனைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் சரி. அகர வரிசையில் எழுதியிருந்தால் கெண்டலுக்கு யோகம் அடித்திருக்கும்.

சொல்லை முழுசாக எழுதாமல் தலையை மட்டும் எழுதினாலும் மேட்ச்.ஆர்க் புரிந்துகொள்ளும். ‘எஸ்’ என்ற எழுத்து மட்டும் கொடுத்தால் ஸ்பியர்மன்தான், வேறு யாரும் அந்த எழுத்தில் இல்லை. ஆனால் குழப்பம் என்றால் ஊகிக்காது. பல சோதனைகளைச் சேர்த்துச் செய்யும்போது பி-மதிப்பைத் திருத்த ‘பி.அட்ஜஸ்ட்’ என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் ஹோம், ஹாக்பெர்க், ஹோம்மல் மூன்றும் ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்தில் தொடங்குபவை. அந்த இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்தால் நின்றுவிடும். 1901-இன் குமாஸ்தாவாக இருந்தால் எது பக்கத்தில் இருந்ததோ அதில் போட்டிருப்பார். ஹோமுக்கும் ஹாக்பெர்குக்கும் இடையே ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்ற முடிவே மாறக்கூடும். ஆகவே நிற்பதே நியாயம்.

ஒரு மனக்குறையும் உண்டு. தப்பு நேர்ந்தால் அது ‘ஆர்க்’ இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. மாணவி ‘ஆர்க்’ என்று எதையும் எழுதவில்லையே! அவள் எழுதியது ‘மெத்தட்’. வாசலில் பெயர்ப்பலகை தொங்கவிட்டவர்கள், திருப்பி அனுப்பும்போது வந்தவரை அவர் பேர் சொல்லிக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அவள் பயப்படுவதில் பாதி இதனால்தான்.

அதே மொழிக்குள் பழைய மரத்தட்டியும் ஒளிந்திருக்கிறது. ‘ஃபேக்டர்’ என்ற வகை அது. ஒரு பத்தியில் வரக்கூடிய மதிப்புகள் இவைதான் என்று நிலைகளைச் சொல்லி ஃபேக்டர் ஆக்கினால், பட்டியலில் இல்லாத எதுவும் சத்தமே இல்லாமல் ‘என்.ஏ.’ ஆகிவிடும், அதாவது ‘தகவல் இல்லை’. வைவது இல்லை, எச்சரிப்பதும் இல்லை. தகவல் இருந்தது, நாம்தான் இடம் தரவில்லை. வைகிற ஃபங்ஷனைக் கண்டு பிள்ளைகள் மிரளுகிறார்கள். எனக்கு வையாத இதைக் கண்டால்தான் பயம்.

பட்டியலில் இருக்கும் சொல்லே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆர் வரலாற்றில் ஒரு நல்ல வழக்கு உண்டு. தரவைக் கொத்துகளாகப் பிரிக்க ஜோ வார்டு 1963-இல் ஒரு முறை எழுதினார். ஆரின் ‘எச்கிளஸ்ட்’ ஃபங்ஷனில் பல ஆண்டுகள் ‘வார்டு’ என்றொரு தேர்வு இருந்தது. ஆனால் தூரங்களை வர்க்கமாக்கிக் கொடுத்தால்தான் அது வார்டு சொன்ன கணக்கைச் செய்யும். பலர் சும்மா தூரத்தையே கொடுத்தார்கள்; பெயர் சரி, உள்ளே நடந்தது வேறு. மர்டாக், லெஜாந்தர் இருவரும் இதைத் துருவி எழுதினார்கள். 2014-இன் 3.1.0 பதிப்பில் பழையதற்கு ‘வார்டு.டி’ என்று பெயர் மாற்றி, சரியானதை ‘வார்டு.டி2’ என்று புதிதாகச் சேர்த்தார்கள். பழைய ஆய்வேடுகளின் நிரல் உடையக் கூடாது என்பதால், இன்றும் ‘வார்டு’ என்று எழுதினால் பழைய வழியிலேயே போகும். ஆனால் பெயர் மாறிவிட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் போகும். அந்த ஒரு வரிக்காக அவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

பட்டியலில் உள்ள பெயரே பொருந்தாதபோது சென்சஸ் என்ன செய்தது? மதுரையில் பார்க்க வேண்டியது சௌராஷ்டிரரை. இங்கே பிறந்த எத்தனையோ பேருக்கு, டி. எம். சௌந்தரராஜன் உட்பட, வீட்டுமொழி அதுதான். பழைய ஆவணங்களில் பட்டுநூல்காரர், பட்டுநூலி என்று காணலாம். கிரியர்சன் தன் இந்திய மொழி ஆய்வில் அதைக் குஜராத்தி தொகுதியில் வைத்தார். 2011 கணக்கெடுப்பின் மொழி அட்டவணையைத் திறந்து சௌராஷ்டிரத்தைத் தேடினால் தனி மொழியாகக் கிடைக்காது. குஜராத்தி என்ற தலைப்பின் கீழே ஒரு தாய்மொழியாக, 2,47,702 பேர் என்று உட்கார்ந்திருக்கும். குஜராத்திலிருந்து வரும் ஒருவரோடு என் மாணவி தன் வீட்டுமொழியில் பேசினால் அவருக்குப் பாதிகூடப் புரியாது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் அதற்குள் நூற்றாண்டுகளாக ஊறியிருக்கின்றன.

அதே கணக்கெடுப்பில் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. அவற்றைச் சரிபார்த்து, எழுத்துப் பிழை நீக்கி, ஒரே மொழியின் பல பெயர்களைச் சேர்த்ததில் 1,369 தாய்மொழிகள் தேறின. 1,474 பெயர்கள் வகைப்படுத்த முடியாமல் ‘மற்றவை’ ஆயின. அந்த 1,369-ஐயும் தொகுத்தால் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121. முழு இந்தியாவும் ஒரே நீண்ட மேட்ச்.ஆர்க் வழியாகப் போய் வந்திருக்கிறது. ஆனால் பதில் சொன்னவரிடம் யாரும் திரும்பி வந்து, உங்கள் சொல் பட்டியலில் இல்லை, இவற்றில் எது என்று கேட்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்தவர்கள் அவருக்காக முடிவு செய்தார்கள். நூறு கோடிப் பேரிடம் திரும்பப் போவது நடக்கிற காரியமா என்று கேட்டால் இல்லைதான். அந்த எண்ணிக்கைகளை வெளியிட்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன். எத்தனை சொல்லை எதில் சேர்த்தோம் என்று சொல்லும் ஆபீஸ், பிரான்சிஸ் காலத்து மௌனத்தைத் தாண்டி வந்துவிட்டது.

பாலினத்தில் அந்தத் தாண்டல் இன்னும் தாமதம். 2001 வரை ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. திருநங்கையருக்கு 1 என்று எழுத விதி. 2011-இல்தான் 3 என்ற குறியீடு ‘மற்றவர்’ என்று சேர்ந்தது. நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் அதில் வந்தார்கள். இதிலும் நம் மாநிலம் முந்திக்கொண்டது; திருநங்கையர் நல வாரியம் இங்கே 2008-லேயே வந்துவிட்டது. சட்டத்திலும் பட்டியல் நீண்டது மதுரையில்தான். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் அவர் வர மாட்டார் என்பது வாதம். 2019 ஏப்ரல் 22-ஆம் தேதி, ஒத்தக்கடையை ஒட்டியிருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், வருவார் என்று தீர்ப்பளித்தார். அதிகாரிகள் மறுத்தது அநியாயமே. ஆனால் மறுப்பு வெளிப்படையாக, எழுத்தில் இருந்ததால்தான் அதை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. கேட்காமல் 1-க்குள் தள்ளிய விதியை எதிர்த்து யார் எந்தக் கோர்ட்டுக்குப் போனார்கள்?

இத்தனையும் கேட்டுவிட்டு, “அப்ப பட்டியலே வேண்டாம்னு சொல்றீங்களா மேடம்?” என்று ஒரு பையன் எப்போதும் கேட்பான். அவனுக்கு 2011-இன் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பைச் சொல்வேன். சாதிக்கு முன்கூட்டிய பட்டியல் எதுவும் வைக்காமல், சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொன்னார்கள். 1931 சென்சஸில் சாதிகள் 4,147. இந்த முறை வந்த பெயர்கள் 46 லட்சத்துக்கு மேல் என்று ஒன்றிய அரசே 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. குலப் பெயர், கோத்திரம், பட்டப்பெயர், உச்சரிப்புக்கு ஒரு எழுத்துக்கூட்டல் என்று எல்லாம் தனித்தனிச் சாதியாக நின்றன. அந்தச் சாதித் தரவு வெளிவரவே இல்லை. அத்தனை கோடி செலவழித்து, தட்டியே இல்லாமல் சீட்டை மட்டும் எழுதிக் குவித்த கதை அது.

இப்போது 2027 மார்ச் 1-ஐ மைய நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதியும் கேட்கப்படும், செல்போன் செயலியில் பதிவாகும். கோச்சடைக்கு வருகிற டீச்சரம்மா மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று, கட்டைவிரலால் திரையை நகர்த்துவார். அப்போது என் வகுப்புப் பிள்ளைகள் செய்ய வேண்டியதை இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். நீ சொன்ன சொல்லை அவர் எதன் கீழ் தொட்டார் என்று எட்டிப் பார். பட்டியலில் உன் சொல் இல்லை என்றால் அதை அவர் வாயாலேயே சொல்லச் சொல். எதையும் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போகிறார் என்றால், முதல் வரியில் இருப்பது எது என்று கேள்.